மைனஸ் ஏழில் பாதி

அத்தியாயம் ஐந்து

இல்லாத எந்திரத்தை ஒருத்தர் எப்படித் திருட முடியும் என்று மாயவனுக்குப் புரியவில்லை. பதினோரு வருடம் பஸ் கண்டக்டராக இருந்தவன் அவன். அவன் வண்டியில் பையைத் திருடியிருக்கிறார்கள், குடையைத் திருடியிருக்கிறார்கள், ஒருமுறை பட்டப்பகலில் ஒரு ஆட்டையே திருடிக்கொண்டு முன்வாசல் வழியாக இறங்கிப் போயிருக்கிறார்கள். அதற்கெல்லாம் ஒரு உருவம் இருந்தது. இங்கே திருடு போனதாகச் சொல்லப்படும் எந்திரத்துக்கு உருவமும் கிடையாது, எடையும் கிடையாதாம்.

"அப்ப அது காணாமப் போச்சுன்னு எப்படிங்க கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டான்.

"காணாமப் போகலய்யா. ரெண்டா ஆயிடுச்சு. அதுதான் பிரச்சினை" என்றார் வியாகுலம்.

வியாகுலம், பென்னாகரம் நதிநீர்க் கணக்கீட்டு நிலையத்தின் டைரக்டர். பெயருக்கு ஏற்ற முகம். ஊரிலேயே ஏ.ஸி. இருக்கும் ஒரே அறையில் உட்கார்ந்துகொண்டு வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தார். அறையின் நடுவில் இரண்டு பீரோ உயரத்துக்கு ஒரு கம்ப்யூட்டர். பக்கத்தில் ஒரு டெலிபிரிண்டர். வெளியே 1978-ஆம் வருடத்து மே மாத வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்ததால், வழக்கு எத்தனை நாள் இழுத்தாலும் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று மாயவன் முடிவு செய்துவிட்டான்.

அந்த எண்ணத்தில் மண் விழுந்தது. "இன்னிக்கு நாலு மணிக்குள்ள முடிவு தெரியணும். மெட்ராஸ்ல இருந்து கமிட்டி வருது. அவங்களைக் கூட்டிட்டு வர ஜீப்பு மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போயிருச்சு" என்றார் டைரக்டர்.

துப்பறிவாளர் ஸ்தனிஸ்லாஸ் தலையை மட்டும் ஆட்டினார். தருமபுரியில் ஒரு சைக்கிள் கடை மாடியில், மாயவனை உதவிக்கு வைத்துக்கொண்டு, துப்பறியும் நிலையம் நடத்துகிறவர். அதற்கு முன்னால் பதினெட்டு வருடம் ஜோலார்பேட்டை-சேலம் லைனில் டிக்கெட் பரிசோதகர். யாரையும் ஒரு வார்த்தை அதட்டாமல், சும்மா எதிரே நின்று பார்த்தே டிக்கெட் இல்லாதவர்களை எழுந்து நிற்க வைத்தவர் என்று லைனில் பேச்சு உண்டு. இப்போதும் அப்படித்தான் எதிரே இருந்த இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருவன் அர்ச்சுனன். மெட்ராஸில் படித்தவன், மடிப்புக் கலையாத சட்டை. இன்னொருத்தி ராஜமேரி. இருபத்தைந்து வயதிருக்கும். பருத்திச் சேலை, கையில் ஒரு காகிதச் சுருள், அழுது முடித்துவிட்ட கண்கள். இரண்டு பேரும் நிலையத்தின் புரோகிராமர்கள். ஒருத்தர் இன்னொருத்தரின் எந்திரத்தைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டார் என்பது வழக்கு. புகார் கொடுத்தவன் அர்ச்சுனன்.

"முதல்ல அந்த இல்லாத எந்திரம் என்னான்னு சொல்லுங்க" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அர்ச்சுனன் ஆரம்பித்து ஐந்து நிமிடம் பேசினான். டைரக்டர் உட்பட யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. அப்புறம் ராஜமேரி பேசினாள்.

"இங்க இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு தினுசுங்க சார். பெங்களூர்ல நம்ம இன்னொரு ஆபீஸ்ல இருக்கிறது வேற தினுசு. இதுக்கு எழுதுன புரோகிராம் அதுல ஓடாது. அதனால ரெண்டுக்கும் பொதுவா ஒரு கம்ப்யூட்டரை மனசுலயே செஞ்சுக்கறோம். புரோகிராமை அந்தக் கற்பனைக் கம்ப்யூட்டருக்குத்தான் எழுதுவோம். நிஜக் கம்ப்யூட்டருல ஒரு டேப்பை ஏத்துனா, அது இந்தக் கற்பனைக் கம்ப்யூட்டர் மாதிரியே நடிக்கும். அந்த டேப்பை எழுதறதுதான் எங்க வேலை."

"எங்க சித்தப்பா வூட்டுல ஒரு மருமக கன்னடம், ஒரு மருமக தெலுங்கு. நடுவுல நாந்தான் ரெண்டு பேருக்கும் பேசுவேன். அப்ப நானும் ஒரு கற்பனைக் கம்ப்யூட்டருங்களா?" என்றான் மாயவன்.

"நடுவுல நின்னு சரியாச் சொல்லியிருந்தா ஆமாங்க."

"சரியாச் சொல்லியிருந்தா அந்த வூட்டை எதுக்குங்க ரெண்டாப் பிரிச்சிருப்பாங்க?"

ராஜமேரியின் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று வந்து போனது. மாயவனுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துப் போய்விட்டது. இவள் திருடியிருக்க மாட்டாள் என்று அந்த இடத்திலேயே தீர்ப்பு எழுதினான். அவன் இதுவரை எழுதிய தீர்ப்புகளில் பாதிக்கு மேல் தப்பாகப் போயிருக்கிறது என்பது வேறு விஷயம்.

ஸ்தனிஸ்லாஸ் இரண்டு எந்திரங்களையும் ஒப்பிடச் சொன்னார். டைரக்டர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார். ராஜமேரியின் எந்திரத்துக்கு ஒரே ஒரு அடுக்குதான் உண்டு. எண்களை ஓட்டல் தட்டு மாதிரி ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும், மேலே இருப்பதைத்தான் எடுக்கும். அர்ச்சுனனின் எந்திரத்துக்கு எட்டு அறைகள். எந்த எண் எந்த அறையில் என்று நம்பர் போட்டு வைக்கும். ராஜமேரியுடையது நினைவகத்தில் இடம் குறைவாகப் பிடிக்கும். அர்ச்சுனனுடையது வேகம். ஆற்று மட்டம் போடும் புரோகிராமை அர்ச்சுனனுடையது பதினோரு நிமிடத்தில் முடித்தது, ராஜமேரியுடையது பதினாலு நிமிடம் எடுத்துக்கொண்டது.

"ஒண்ணு ஓட்டல், ஒண்ணு தபாலாபீஸ். இதுல காப்பி எங்கங்க வந்துச்சு?" என்றான் மாயவன்.

"வேஷத்தை மாத்திட்டா ஆள் மாறிடுமா?" என்றான் அர்ச்சுனன். "நான் செஞ்சதைப் பார்த்து, வெளியே தெரியாம இருக்க அடுக்கா மாத்தி எழுதியிருக்காங்க. வேணும்னா மைனஸ் ஏழை ரெண்டால வகுக்கச் சொல்லிப் பாருங்க."

சொல்லிப் பார்த்தார்கள். டேப்பை ஏற்றி, கேள்வியைத் தட்டியதும் டெலிபிரிண்டர் கடகடவென்று அடித்தது. அர்ச்சுனனின் எந்திரம்: மைனஸ் நாலு. ராஜமேரியின் எந்திரம்: மைனஸ் நாலு. கற்பனை எதுவும் இல்லாமல் நிஜக் கம்ப்யூட்டரையே நேராகக் கேட்டார்கள். அது மைனஸ் மூன்று என்றது.

"பள்ளிக்கூடத்துக் கணக்குல மைனஸ் மூணரை. எங்க பாஷையில அரை கிடையாது, முழு எண்தான். அரையைத் தள்ளிட்டா மூணு. உலகத்துல எல்லாரும் அப்படித்தான் தள்ளுவாங்க. இவங்க ரெண்டு பேர் மெஷின் மட்டும் வேணும்னே சுத்திப் போயி நாலுன்னு சொல்லுது. ரெண்டு பேருக்கும் தனித்தனியா இது தோணியிருக்காதுங்களே?" என்றார் டைரக்டர்.

"தோணாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "சரியான டிக்கெட்டு ஆயிரம் பேருகிட்ட இருக்கும். தப்பு டிக்கெட்டு ஒரே மாதிரி ரெண்டு பேருகிட்ட இருந்தா, ஒருத்தன் இன்னொருத்தனுக்குக் கொடுத்ததுதான். ஏம்மா, நீ எதுக்கு நாலுன்னு வச்சே?"

"ஆத்துல அப்படித்தாங்க சார் படிப்பாங்க. ஒகேனக்கல்லுல அளவுக்கல்லுகிட்ட பழகுன வழக்கம் அது."

"நீங்க?"

"அதேதான்" என்றான் அர்ச்சுனன். "ஆத்து வழக்கம். ஜனவரியிலேயே போய் நானே கேட்டுட்டு வந்து எழுதினேன்."

"ரெண்டு பேரும் ஒரே ஊரைச் சொல்றாங்க. ஊருக்கே போயிருவோம் மாயவா."

ஸ்தனிஸ்லாஸ் எழுந்தார். கிளம்புமுன் ராஜமேரியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, அவள் கையிலிருந்த சுருளை வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அவள் தன் எந்திரத்தைச் சோதித்துப் பார்த்தபோது டெலிபிரிண்டர் அடித்த தாள். மைனஸ் ஒன்று, மைனஸ் மூன்று, மைனஸ் ஐந்து, ஏழு, ஒன்பது, எல்லாம் இரண்டால் வகுத்தது. நடுவில் கசங்கியிருந்தது.

"இது எங்க இருந்துச்சு?"

"குப்பைக் கூடையிலதாங்க சார். மாசக்கணக்கா யாரும் கொட்டாம அப்படியே கெடந்துது. நான் முன்னாடியே செஞ்சதுக்கு சாட்சி ஆவுமேன்னு நேத்து தேடி எடுத்தேன். தேதி போடாம விட்டுட்டேன்."

"எல்லாம் ஒத்தப்படையா இருக்குதே?"

"இரட்டைப்படை மிச்சமில்லாம வகுபடும். அதுல சோதிக்கறதுக்கு என்னாங்க இருக்குது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "சார், வேலை போனா போயிட்டுப் போவுது. திருடின்னு எழுதி அனுப்பினாங்கன்னா எந்த ஆபீஸ்லயும் படியேத்த மாட்டாங்க. பதினாலு மாசம் இதுக்காகக் கண்ணு முழிச்சிருக்கேன். என்னுது இது" என்றாள். கடைசி இரண்டு வார்த்தைகளைச் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

மாயவன் அவளுக்காக வழக்கம்போல் ஒரு ஜோக் தேடினான். அகப்படவில்லை.

*

பதினொன்றரை மணி பஸ் ஒகேனக்கல் மலைப்பாதையில் முனகிக்கொண்டே இறங்கியது. கண்டக்டர் மாயவனுக்குப் பழைய சிநேகிதன். டிக்கெட் வேண்டாம் என்றான். ஸ்தனிஸ்லாஸ் அவனை நிமிர்ந்து பார்த்தார். அவன் இரண்டு டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கமாகப் போய்விட்டான்.

ஆற்றில் தண்ணீர் வற்றிக் கிடந்தது. பரிசல் துறைக்கு மேலே மீன் வறுக்கும் கடைகளில் மூன்றாவது தீர்த்தம்மாளுடையது. நாற்பது வயது, உரத்த குரல். மீன் வறுப்பது அவளுடைய தொழில், அளவுக்கல்லைப் பார்ப்பது நிலையம் கொடுத்த வேலை. தினமும் காலையில் கல்லில் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று அரை அரைக் கோடாக எண்ணி, சீட்டில் எழுதி முதல் பஸ்ஸில் அனுப்புவாள். பென்னாகரத்தில் கம்ப்யூட்டர் அதை இரண்டால் வகுத்து முழுக் கோடாக்கி, பரிசல் விடலாமா கூடாதா என்று சொல்லும். சைபர் கோட்டுக்கு மேலே என்றால் சாதாரண எண். கீழே என்றால் மைனஸ்.

"நீங்களும் கோட்டைப் பத்திக் கேக்க வந்தவங்களா? மீன் திங்காதவங்களுக்கு நான் பதில் சொல்றதில்லீங்க" என்றாள்.

தின்றார்கள். துப்பறியும் தொழிலில் இப்படியும் ஒரு நாள் வரும் என்று மாயவன் சந்தோஷப்பட்டான். அதற்குள் அவள் சட்டுவத்தை வைத்துவிட்டு அவர்களைக் கரைக்கு இறக்கிக்கொண்டு போனாள். தண்ணீருக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு கல். வெள்ளைப் பெயிண்டில் கோடுகள்.

"இப்ப எவ்வளவு நிக்குது? சொல்லுங்க பாக்கலாம்."

மாயவன் முழங்கால் வரை இறங்கிப் பார்த்தான். தண்ணீர் சைபருக்குக் கீழே மூன்றாவது கோட்டுக்கும் நாலாவது கோட்டுக்கும் நடுவே இருந்தது. "கீழ மூணரை."

"அரையை வச்சுக்கிட்டுப் பரிசல்காரன் என்னா பண்ணுவான்? நாலு கீழன்னு சொல்லணும். மூணுன்னு சொன்னீங்கன்னா, இல்லாத தண்ணிய நம்பி ஓட்டிக்கிட்டுப் போவான். அடியில பாறை. பரிசலோட தோலைக் கிழிச்சு விட்டுரும். ஏழு பேரு உள்ள உக்காந்திருப்பாங்க."

"சைபருக்கு மேல மூணரை நின்னா?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

"மூணுதாங்க. மேல நின்னாலும் கீழ நின்னாலும் கீழ்க்கோடுதான் பேச்சு. இல்லாத தண்ணிய இருக்குதுன்னு ஒருக்காலும் சொல்லக் கூடாது."

கணக்கு மாயவனுக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. அவனுக்குக் கணக்கு புரிவது அபூர்வம் என்பதால் உடனே அதை நாலு பேருக்குக் காட்ட வேண்டும் என்று தோன்றியது. கொஞ்சம் தள்ளி, தேங்கிய தண்ணீரில் இன்னொரு அளவுக்கல் நின்றது. அங்கே ஓடினான்.

"இங்க பாருங்க. தண்ணி கரெக்டா கீழ் நாலாங்கோட்டுல நிக்குது. சைபருக்குக் கீழன்னா ஒண்ணு சேத்து எறக்கிக்கணும். அப்ப அஞ்சு கீழ!"

தீர்த்தம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏனுங்க, கோட்டு மேலயே நிக்கிற தண்ணிய எதுக்குங்க எறக்கறீங்க? நடுவுல நின்னாத்தான் கீழ்க்கோடு. கோட்டுலயே நின்னா அந்தக் கோடுதான். அஞ்சுன்னு பரிசல் துறைப் பலகையில எழுதிட்டா நாளைக்கு ஒரு பரிசலும் ஓடாது. நாப்பது குடும்பம் பட்டினி கெடக்கும்."

மாயவனுக்கு அவமானமாகப் போய்விட்டது. ஆனால் ஸ்தனிஸ்லாஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். டிக்கெட் இல்லாத ஆளைப் பார்க்கும் பார்வை இல்லை அது. முதல் வகுப்புப் பயணியைப் பார்க்கும் பார்வை.

"மாயவா, இன்னிக்கு நீ வாங்குற சம்பளத்துக்கு வேலை பாத்துட்டே."

"என்னாங்க சார் செஞ்சேன்?"

"தப்பு செஞ்சே" என்று சொல்லிவிட்டு, தீர்த்தம்மாளிடம் திரும்பினார். "இதைக் கேக்க வேற யாரெல்லாம் வந்தாங்க?"

"ராஜமேரி பாப்பா மார்கழியில இருந்து மூணு மாசம் வந்துச்சு. சேலையை இழுத்துச் சொருவிக்கிட்டு எங்கூடவே தண்ணியில நிக்கும். போன ஞாயித்துக்கிழமை சட்டை மடிப்புக் கலையாத ஒருத்தரு வந்தாரு. கடையில உக்காந்தே கேட்டாரு. மைனஸ்னா எதுக்குக் கீழ படிக்கறீங்கன்னாரு. இல்லாத தண்ணிய சொல்லக் கூடாதுன்னேன். போயிட்டாரு. கல்லுகிட்ட எறங்கவே இல்ல. செருப்பு நனையுமாம்."

"அதுக்கு முன்னாடி?"

"அந்த மூஞ்சிய நான் பாத்ததே இல்லீங்க."

மாயவன் கையைத் தட்டினான். "முடிஞ்சுது சார்! ஜனவரியில கேட்டேன்னு சொன்னான். கேட்டது போன ஞாயித்துக்கிழமை. திருடிட்டு அப்புறம் வந்து காரணம் வாங்கிக்கிட்டுப் போயிருக்கான்."

"டைரக்டருகிட்ட சொல்லு. மீன்கடைக்காரம்மா வேணும்னே பொய் சொல்லுதுன்னு அவன் சொல்லுவான். டைரக்டரும் தலையாட்டுவாரு. அவன் மீனு தின்னான்னுதான் நம்மால நிரூபிக்க முடியும்."

"அப்ப என்னா பண்றது?"

"மெஷினையே கேப்போம். மீன்கடைக்காரம்மாவை வேணும்னா பொய்யின்னு சொல்லலாம். அவனோட மெஷினை அவனே பொய்யின்னு சொல்ல முடியாது" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

*

அவர்கள் திரும்பி வந்தபோது மூன்றே கால். டைரக்டர் கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"முதல்ல ஒரு விஷயம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "ரெண்டு பேரோட டேப்பும் வெள்ளிக்கிழமையே சீல் வச்சாச்சு. அதுக்கப்புறம் யாரும் கை வைக்கல. சரிதானுங்களே?"

சரி என்றார்கள்.

"மிஸ்டர் அர்ச்சுனன், உங்க மெஷின் உங்களோடது. ஜனவரியில் இருந்து அதோட பழகறீங்க. மைனஸ் எட்டை ரெண்டால வகுத்தா அது என்னா சொல்லும்?"

அர்ச்சுனன் புன்னகைத்தான். "மைனஸ் நாலு. இது ரெண்டாங்கிளாஸ் கணக்கு."

"நீ சொல்லும்மா. உன் மெஷின்?"

"மைனஸ் நாலுங்க சார்." சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். அவளும் இரட்டைப்படையைச் சோதித்ததில்லை என்பது மாயவனுக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது.

"முதல்ல உங்களோடது" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அர்ச்சுனனின் டேப் ஓடி முடிய நாலு நிமிடம். ராஜமேரி கேள்வியைத் தட்டினாள். டெலிபிரிண்டர் ஒரு கோடு போட்டது. ஒரு எண் போட்டது. நின்றது.

மைனஸ் ஐந்து.

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் படித்தார். அப்படியும் அது மைனஸ் ஐந்தாகவே இருந்தது.

"இது எப்படிங்க? எட்டுல பாதி அஞ்சா?"

"நம்ம மாயவன் ஆத்துல இதையே சொன்னான்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "வழக்கம் ஏன்னு தெரியாம, விடையை மட்டும் பாத்தா இப்படித்தான் தோணும். மைனஸ் ஏழுக்கு மூணு வரவேண்டிய இடத்துல நாலு. ஒம்பதுக்கு நாலு வரவேண்டிய இடத்துல அஞ்சு. ஓஹோ, மைனஸ்னா ஒண்ணைக் கூட சேத்துக் கழிக்கணும் போலன்னு எழுதிட்டாரு. மிச்சமில்லாம வகுபட்டாலும் அந்த ஒண்ணு கழிஞ்சுக்கிட்டே இருக்குது."

அர்ச்சுனன் நிதானம் இழக்கவில்லை. "இது ஒரு சின்னத் தப்பு. எந்தப் புரோகிராம்லதான் தப்பு இல்லே? என்னுதைப் பார்த்துத்தானே அவங்க எழுதினாங்க. அவங்களுதும் அஞ்சுன்னுதான் சொல்லப் போகுது, பாருங்க."

இவன் சொல்வது நடந்துவிட்டால் என்று மாயவனுக்குத் தோன்றியது. ஸ்தனிஸ்லாஸின் காதருகே குனிந்து, "அந்தப் புள்ளையோடதும் அஞ்சுன்னு வந்துட்டா என்னா சார்?" என்றான்.

"அஞ்சு மணி பஸ்ஸுல தருமபுரி போயிரலாம்" என்றார் அவர்.

ராஜமேரி தன் டேப்பை ஏற்றினாள். நாடா ஒருமுறை கை நழுவி விழுந்தது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை, தானே எடுத்தாள். நாலு நிமிடம் நாடா ஓடுகிற சத்தமும் ஏ.ஸி. சத்தமும் மட்டும். அவள் கேள்வியைத் தட்டிவிட்டு, பார்க்கப் பயந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மாயவன்தான் எட்டிப் பார்த்தான்.

"நாலு!" என்று கத்தினான். "மைனஸ் நாலு, தாயே!"

ராஜமேரி சுவரைப் பார்த்தபடியே சிலுவை போட்டுக்கொண்டாள்.

"என்னோடதைக் காப்பியடிச்சு, அந்தத் தப்பை மட்டும் திருத்தியிருக்காங்க" என்றான் அர்ச்சுனன். குரல் ஒரு படி ஏறியிருந்தது.

"இருக்கலாம்" என்றார் ஸ்தனிஸ்லாஸ் பெருந்தன்மையாக. "உங்க மெஷின்ல உங்களுக்கே தெரியாம இருந்த தப்பு. அஞ்சு நிமிஷம் முன்னாடி வரைக்கும் நாலுதான் வரும்னு சத்தியம் பண்ணுனீங்க. அதை இந்தப் பொண்ணு கண்டுபிடிச்சுத் திருத்தியிருக்குன்னா, உங்க மெஷின் உங்களைவிட இந்தப் புள்ளைக்கு நல்லாப் புரிஞ்சிருக்கு. சரி, அதை விடுங்க. மைனஸ் எட்டை நீங்க ஏன் ஒரு தடவைகூட சோதிச்சுப் பாக்கல?"

"எதுக்குப் பாக்கணும்? அந்தச் சுருள்ல எட்டே இல்லியே!"

"எந்தச் சுருள்ல?" என்றார் ஸ்தனிஸ்லாஸ்.

அர்ச்சுனன் மேஜை மேல் சுருட்டிக் கிடந்த கசங்கிய காகிதத்தைத் தவிர அறையில் இருந்த எல்லாவற்றையும் பார்த்தான்.

"குப்பைக் கூடையில இருந்த சுருளுங்களா? ராஜமேரியம்மா நேத்துதான் அதை வெளிய எடுத்தாங்க. நானு இன்னிக்குக் காலையில பாத்தேன். நீங்க எப்பங்க பாத்தீங்க?" என்றான் மாயவன். அவனுக்கு வேலை செய்து பழக்கமில்லாத இடத்தில், அதாவது மூளையில், வேலை நடந்துவிட்டதால் குரல் கணீரென்று வந்தது.

"பொங்கல் லீவு முடிஞ்சு வந்தப்ப" என்றான் அர்ச்சுனன், தரையைப் பார்த்து. பிறகு, "எட்டு அறைகள் என்னோட சொந்த யோசனை" என்றான்.

"ஒத்துக்கறேன்" என்றார் ஸ்தனிஸ்லாஸ். "அந்த எட்டு அறையும், இந்த அஞ்சும் உங்க சொந்தம்."

வியாகுலம் எழுந்தார். வெளியே ஜீப்பு வரும் சத்தம் கேட்கிறதா என்று ஒரு கணம் காது கொடுத்தார். அப்புறம், கமிட்டி வருவதற்குள் முடிக்க வேண்டியதை முடித்துவிட வேண்டும் என்ற அவசரத்தில் மேஜை இழுப்பறையைத் திறந்து, ஒட்டிய கவர் ஒன்றை எடுத்து அர்ச்சுனன் கையில் கொடுத்தார்.

"இன்னிக்கு இருந்து நீங்க வேலையில இல்லை. காரணம் உள்ள விவரமா எழுதியிருக்கு. தயவுசெஞ்சு கிளம்புங்க."

அர்ச்சுனன் கவரைக் கிழித்துப் படித்தான். இரண்டு வரி படித்ததும் அவன் முகத்தில் இருந்த பயம் போய், ஒரு குழப்பம் வந்தது.

"சார்" என்றான். "இதுல பேரு வேறயா இருக்கே."

டைரக்டரின் கை அந்தக் காகிதத்தைப் பிடுங்க நீண்டது. அதற்குள் ராஜமேரி வாங்கிவிட்டாள். நின்ற இடத்திலேயே முழுக்கப் படித்தாள். அவசரப்படாமல், கடைசி வரி வரை படித்தாள். செல்வி ராஜமேரி, சக ஊழியரின் உழைப்பைத் திருடிய குற்றத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்படுகிறார். கீழே கையெழுத்து, ஆபீஸ் முத்திரை, அன்றைய தேதி. காலை ஒன்பது மணி.

ஒன்பது மணிக்கு ஸ்தனிஸ்லாஸும் மாயவனும் தருமபுரி பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எந்த எந்திரத்தையும் யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை. மாயவனுக்கு வந்த கோபத்தில் அந்த ஏ.ஸி. அறை சுட்டது.

"கேள்வியே கேக்காம பதிலை டைப் பண்ணி ஒட்டி வச்சிருக்கீங்களே சார்" என்றாள் ராஜமேரி. அழுகை இல்லை. குரலில் கோபம்கூடத் தணிந்துதான் இருந்தது, அதனாலேயே கேட்கச் சங்கடமாக இருந்தது.

"அது... எதுக்கும் ரெடியா இருக்கட்டும்னு..." என்றார் வியாகுலம். "இந்தப் பேரை அடிச்சுட்டு, அவரு பேரைப் போட்டு..."

"வேண்டாங்க சார். இது என் பேருல வந்தது, நான் வச்சுக்கறேன். அவருக்குப் புதுசா ஒண்ணு டைப் பண்ணுங்க."

காகிதத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, கமிட்டிக்குக் காட்ட வேண்டிய புரோகிராமை எடுக்கக் கம்ப்யூட்டர் பக்கம் போனாள். வெளியே ஜீப்பு வந்து நின்றது. டைரக்டர் டெலிபோன் பக்கத்தில் இருந்த டைப்ரைட்டரில் ஒரு வெள்ளைத் தாளைக் கோணலாகச் சொருகினார். டைப்பிஸ்ட் அன்று லீவு. அவர் ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேட ஆரம்பித்தார். அறையில் டைப் அடிக்கத் தெரிந்த புரோகிராமர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். இரண்டு பேரும் உதவிக்குப் போகவில்லை.